இகா ஸ்வியாடெக்கை ஸ்டெஃபி கிராஃப் வரிசையில் வைக்கலாமா?

லாஸ்பேட்டை லெஃப்டி:

2025 விம்பிள்டன் ஃபைனலில் இகா ஸ்வியாடெக், அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் முடித்துவிட்டதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. சித்தப்பா தூர்தர்ஷன் காலத்து ஆள், ஸ்டெஃபி கிராஃப் பக்தர். "இதென்ன பிரமாதம், ஸ்டெஃபி 88ல பிரெஞ்சு ஓபன் ஃபைனலையே அரை மணி நேரத்துல முடிச்சவ" என்கிறார். தேடிப் பார்த்தால் அதுவும் உண்மைதான். நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0, மொத்தமே 34 நிமிடம்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. இகா 2020, 2022, 2023, 2024 என்று பாரிஸில் பிரெஞ்சு ஓபன் நான்கு முறை, 2022ல் அமெரிக்க ஓபன், இப்போது விம்பிள்டன். ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன், விம்பிள்டன் என்ற நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஆறு ஃபைனல் ஆடி ஆறையும் ஜெயித்திருக்கிறார். 2022ல் தொடர்ச்சியாக 37 ஆட்டம் தோற்கவே இல்லை. 24 வயதுக்கு இது குறைவா? புல்தரையில் இவர் ஒன்றும் கிழிக்க மாட்டார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சித்தப்பாவும்தான். அங்கேயே ஒரு கேம் கூட விடாமல் ஜெயித்த பிறகும் "ஸ்டெஃபியோட 22 கிராண்ட்ஸ்லாம் எங்கே, இவளோட 6 எங்கே" என்று அதே பாட்டு.

என் கேள்வி யாருக்குக் கப் அதிகம் என்பதில்லை, அது குழந்தைக்கும் தெரியும். வேற வேற காலத்தில் ஆடியவர்களை எதை வைத்து ஒப்பிடுவது? கிராஃப், நவரத்திலோவா, எவர்ட் இவர்களோடு இந்தப் பெண்ணை ஒரே மூச்சில் சொல்லலாமா, இல்லை நான்தான் ஓவராகப் பேசுகிறேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாரும் அவரவர் காலத்தில் பெரியவர்கள்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ்.


மஞ்சக்குப்பம் செம்மண்:

தம்பி, உங்கள் சித்தப்பா கட்சிதான் நானும். ஆனால் அவர் சொல்லும் காரணம் தப்பு. கிராண்ட்ஸ்லாம் எண்ணிக்கையை வைத்துக் காலங்களை ஒப்பிடுவது 1988க்கு முன்னால் சுத்தமாக வேலைக்கு ஆகாது.

ஆஸ்திரேலிய ஓபனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது நான்கில் ஒன்று, யாரும் தவறவிட மாட்டார்கள். எழுபதுகளில் அவ்வளவு தூரம் போய் ஆட பெரிய ஆட்டக்காரர்கள் பாதிப் பேருக்கு மனசே இருக்காது. தேதியும் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி வரும். கிறிஸ் எவர்ட் தன் வாழ்நாளில் மொத்தம் ஆறே ஆறு முறைதான் அங்கே போனார். போன ஆறு முறையும் ஃபைனல்! அதில் இரண்டு ஜெயித்தார். இன்றைய ஆட்கள் போல வருஷா வருஷம் போயிருந்தால் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்? அதோடு விட்டாரா, 1976, 77, 78 மூன்று வருடம் பிரெஞ்சு ஓபனுக்கே போகவில்லை, அமெரிக்காவில் டீம் டென்னிஸ் லீக் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் காலகட்டத்தில் களிமண் தரையில் அவரை அடிக்க ஆளே கிடையாது. 1973 ஆகஸ்டிலிருந்து 1979 மே வரை களிமண்ணில் தொடர்ச்சியாக 125 வெற்றி. கடைசியில் ரோமில் டிரேசி ஆஸ்டின்தான் அதை நிறுத்தினார். பாரிஸில் எவர்ட்டுக்கு ஏழு பட்டம் என்று இன்று எழுதுகிறோம், பத்தாக இருந்திருக்க வேண்டியது என்பது என் கட்சி.

மறுபக்கம் மார்கரெட் கோர்ட். 24 ஸ்லாம் என்று போடுகிறார்கள், அதில் 11 ஆஸ்திரேலியாவில் வாங்கியது. அந்த 11லும் 7 அமெச்சூர் காலத்தில் (காசுக்கு ஆடுபவர்களை ஸ்லாமில் சேர்க்காத, 1968க்கு முந்தைய காலம்), 1960லிருந்து 66 வரை வரிசையாக. பெரிய ஆட்டக்காரர்தான், 1970ல் ஒரே வருடத்தில் நான்கையும் ஜெயித்தவர், மரியாதை குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது நான்கில் மூன்று புல்தரை. அமெரிக்க ஓபனே 1974 வரை புல்லில்தான் நடந்தது, அப்புறம் மூன்று வருடம் பச்சைக் களிமண், 1978லிருந்து சிமெண்ட். புல்லில் கெட்டிக்காரராக இருந்தால் முக்கால் கிணறு தாண்டிவிடலாம் என்ற காலம் அது. இகாவுக்கு அந்த வசதி கிடையாது, அவருக்குப் பிடித்த மண் வருடத்தில் ஒரே ஒரு ஸ்லாமுக்குத்தான்.

இதனால்தான் கிராஃப் மேலே நிற்கிறார் என்கிறேன். 22 என்பதற்காக இல்லை. நான்கு ஸ்லாமையும் ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு முறை ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். தரை மாறினாலும் ஆள் மாறவில்லை. 1988ல் நான்கும், அதே வருடம் சியோலில் ஒலிம்பிக் தங்கமும். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் 377 வாரம். இகா 125 வாரம் இருந்திருக்கிறார், அதுவே சாதாரண விஷயமில்லை, இருந்தாலும் தூரம் தெரிகிறதல்லவா.

களிமண்ணை மட்டும் தனியாகக் கேட்டால் சொல்கிறேன்: எவர்ட், கிராஃப், அப்புறம் பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனினும் இகாவும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் பாரிஸில் நாலு நாலு, இரண்டு பேருமே மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர்கள். செலஸும் அப்படி மூன்று ஜெயித்தார், அவர் கதை வேறு.


நெல்லித்தோப்பு ஸ்ட்ரிங்கர்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கையில் இருக்கும் சாமானைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. ராக்கெட்டுக்கு கட், அதாவது நரம்பு, போடுவதுதான் எனக்குத் தொழில், அதனால் எனக்கு எல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

கிராஃப் 1988ல் ஆடியது டன்லப் மேக்ஸ் 200ஜி. அந்த ராக்கெட் ஒன்று பல வருடம் முன்பு ரிப்பேருக்கு வந்தது, கையில் வாங்கியதும் மணிக்கட்டு இறங்கியது, அவ்வளவு கனம். தலை சின்னது, சுமார் 85 சதுர அங்குலம்தான். இன்று பெண்கள் ஆடுவது பெரும்பாலும் 98, 100. பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் புது ராக்கெட் மன்னிக்கும், அது மன்னிக்காது. அந்தச் சின்னத் தலையில் நடு மத்தியில் அடித்து அடித்தே அவ்வளவு வேகமான ஃபோர்ஹேண்ட் என்றால், என்ன கண், என்ன கால்!

நரம்பு அதைவிடப் பெரிய விஷயம். அப்போது மேல்மட்டத்தில் எல்லாரும் மாட்டுக் குடலில் செய்த இயற்கை கட். நம் கடலோரக் காற்றுக்கு அது ஆகவே ஆகாது, ஈரம் குடித்து மேல்தோல் நார் நாராகப் பிரிந்துவரும். ஆனால் அதன் மென்மை வேறு எதிலும் வராது. 1997ல் பிரேசில்காரர் குயெர்டன் பாரிஸில் பாலியஸ்டர் நரம்போடு வந்து ஜெயித்த பிறகுதான் எல்லாம் மாறியது. பாலியஸ்டர் வழுக்கும். பந்து பட்டதும் நெட்டு நரம்பு பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும், அந்தத் திரும்பலில்தான் பந்துக்குச் சுழற்சி கிடைக்கிறது. பழைய கட்டில் நரம்பு நகர்ந்தால் நகர்ந்ததுதான். ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் ஆட்டக்காரர்கள் விரலால் நரம்பை நேராக்கிக்கொண்டு இருப்பார்களே, பழைய வீடியோவில் பாருங்கள், அது அதனால்தான்.

இகாவின் ஃபோர்ஹேண்ட் முழுக்க இந்தப் பாலியஸ்டர் காலத்துப் பிள்ளை. உள்ளங்கை ராக்கெட்டின் அடிப்பக்கம் போகும் அளவுக்குத் திருப்பிய வெஸ்டர்ன் கிரிப், கீழிருந்து மேலே சுழட்டி அடிப்பது. பந்து இடுப்புக்கு மேலே எழும்பி வந்தால் அந்தப் பிடிக்கு அல்வா. முழங்காலுக்குக் கீழே வந்தால் திண்டாட்டம்.

இப்போது யோசித்துப் பாருங்கள், கிராஃபின் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் (பந்தின் அடியை வெட்டி அடிப்பது) பழைய விம்பிள்டன் புல்லில் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு வரும். அதை இகா எப்படி எடுப்பார்? 2001க்கு முன்னால் அங்கே இரண்டு வகைப் புல் கலந்து போட்டிருந்தார்கள், அதன் பிறகு முழுக்க ரை புல். தரை இறுகியது, பந்து முன்னைவிட எழும்புகிறது. 2025ல் இகா அங்கே ஜெயித்ததில் அந்தப் புல்லுக்கும் பங்கு உண்டு. அதே சமயம் உங்கள் சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: கிராஃபை அவர் ராக்கெட்டோடு அப்படியே தூக்கிவந்து இன்றைய பாரிஸில் நிறுத்தினால், தோளுக்கு மேலே எகிறும் பந்தை ஒரு கையில் ஸ்லைஸ் செய்தே மூன்று செட் ஓட்ட முடியாது. இரண்டு பேருமே அடுத்தவர் காலத்தில் கஷ்டப்படுவார்கள்.


சொல்தா பேத்தி:

எங்கள் வீட்டில் டென்னிஸ் என்றால் பிரெஞ்சு ஓபன் மட்டும்தான். தாத்தா பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், மே கடைசியில் அந்த இரண்டு வாரமும் டிவி அவர் கையில். பாரிஸில் ஒற்றையர் ஜெயித்த கடைசி பிரெஞ்சுப் பெண் மேரி பியர்ஸ், 2000ல். அந்தத் துக்கத்திலேயே இருந்தார் மனுஷர்.

நீங்கள் எல்லாரும் எவர்ட்டோடு நின்றுவிட்டீர்கள். பாரிஸில் பெண்கள் ஒற்றையருக்குக் கொடுக்கும் அந்தக் கோப்பை யார் பேரில் இருக்கிறது? சுசான் லெங்லென். 1919லிருந்து 1926 வரை ஒற்றையரில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார், அதுவும் அமெரிக்காவில் மோலா மல்லோரியிடம், பாதியில் உடம்பு முடியாமல் விலகியது. விம்பிள்டன் ஆறு முறை. தோல்வியே இல்லாமல் இருப்பதுதான் அளவுகோல் என்றால் லெங்லென் முன்னால் கிராஃபும் இல்லை, நவரத்திலோவாவும் இல்லை. 1983ல் நவரத்திலோவா 86 ஜெயித்து, ஒன்றே ஒன்று தோற்றார், பாரிஸில் கேத்தி ஹோர்வத்திடம். அந்த ஒன்றைத்தான் இன்னும் பேசுகிறார்கள், பாவம்.

இன்னொரு விஷயம். விம்பிள்டன் பெண்கள் ஃபைனலில் இகாவுக்கு முன்னால் 6-0, 6-0 நடந்தது 1911ல், டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் டோரா பூத்பியை ஜெயித்தபோது. ஆனால் அப்போது நடப்புச் சாம்பியன் நேராகக் கடைசி ஆட்டத்தில் வந்து உட்காரலாம். மற்றவர்கள் அடித்துப் பிடித்து மேலே வந்து அவரோடு மோத வேண்டும். சேம்பர்ஸ் அந்த வருடம் பட்டத்துக்காக ஆடியது அந்த ஒரே ஆட்டம்! இகா ஏழு ஆடினார். ஸ்கோர் ஒன்றுதான், வேலை ஒன்றா?

அதே சேம்பர்ஸை 1919ல் லெங்லென் 10-8, 4-6, 9-7 என்று ஜெயித்தார், தோற்கும் பாயிண்ட் இரண்டைக் காப்பாற்றி. எதிரில் நின்றவருக்கு 40 வயது. எனக்கு இந்த ஆட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது, பார்க்க முடியாமல் போனதாலோ என்னவோ. பெண்கள் வயதானால் ஆடக் கூடாது என்பவர்கள் நம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எழுபது வயதுக்கு மேலும் கடலோர டென்னிஸ் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்.


பேஸ்லைன்_பாலாஜி:

இவ்வளவு நீளத்தில் செரீனா பேரை ஒருத்தர் கூட எழுதவில்லை, ஆச்சரியம். 1999 அமெரிக்க ஓபனில் 17 வயது, 2017 ஆஸ்திரேலிய ஓபனில் 35 வயது, அதுவும் வயிற்றில் குழந்தையோடு. 23 ஸ்லாம், எல்லாமே 1968க்குப் பிந்தைய ஓபன் காலத்தில், எல்லாரும் வந்து ஆடும் காலத்தில். மர ராக்கெட், புல், களிமண் எந்தச் சாக்கும் வேண்டாம். அந்த சர்வீஸை எந்தக் காலத்தில் கொண்டுபோய் வைத்தாலும் ஏஸ்தான். பேச்சு முடிந்தது.


பீட்டி டீச்சர்:

பாலாஜி, பேச்சு முடியவில்லை, உட்காருங்கள்.

நான் காலேஜ் டீமில் ஆடினவள், இப்போது கடலூரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எதிரில் யார் நின்றார்கள் என்பதைச் சரியாகப் பேசாமல் எதையும் ஒப்பிட முடியாது. செலஸ் "கதை வேறு" என்று மேலே ஒருவர் தாண்டிப் போய்விட்டார், அந்தக் கதைதான் முக்கியம்.

1991 ஆஸ்திரேலிய ஓபனிலிருந்து 1993 ஆஸ்திரேலிய ஓபன் வரை ஒன்பது ஸ்லாம். அதில் மோனிகா செலஸுக்கு ஏழு. கிராஃபுக்கு இரண்டு, இரண்டும் விம்பிள்டன், அதில் ஒரு வருடம் செலஸ் ஆடவே இல்லை. செலஸுக்கு 20 வயது ஆவதற்குள் எட்டு ஸ்லாம் சேர்ந்துவிட்டது. 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க்கில் ஆட்டத்துக்கு நடுவே இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை கிராஃப் ரசிகன் ஒருவன் முதுகில் கத்தியால் குத்தினான். இரண்டு வருடத்துக்கு மேல் அவர் களத்துக்கே வரவில்லை. வந்த பிறகு ஒரே ஒரு ஸ்லாம், 1996 ஆஸ்திரேலியா.

கிராஃபின் 22ஐ எடுத்து அந்தத் தேதியை நடுவில் வைத்துப் பாருங்கள். முன்னால் 11, பின்னால் 11. கிராஃப் மேல் இதில் துளிப் பழி கிடையாது, அவரும் நொந்துதான் போனார். ஆனால் 22 என்ற எண்ணை அளவுகோலாகத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு 24 வயதுப் பெண்ணின் தலையில் அடிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எவர்ட்டும் நவரத்திலோவாவும் ஒருவரை ஒருவர் 80 முறை எதிர்த்து ஆடினார்கள், 43-37, நவரத்திலோவா பக்கம். ஒரே ஆளை அத்தனை முறை சந்திப்பது ஒரு வகைக் கஷ்டம். இன்றைய கஷ்டம் வேறு. முதல் சுற்றிலேயே யாராவது ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அடித்து, அன்றைக்கு எல்லாம் கோட்டில் விழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். லாட்வியாவின் ஓஸ்டாபென்கோவிடம் இகா 2025 ஏப்ரலில் ஸ்டட்கார்ட் வரை ஆறு முறை ஆடி ஆறும் தோல்வி! கிராஃபை அப்படி ஒருவர் ஆறு முறை சும்மா அனுப்பியதாக நினைத்துப் பார்க்க முடிகிறதா? இதைச் சிலர் இகாவின் குறையாகச் சொல்வார்கள், நான் ஆட்டத்தின் ஆழம் என்பேன்.

ஆழம் எங்கிருந்து வந்தது என்றால், காசு. 1970ல் பில்லி ஜீன் கிங்கும் எட்டுப் பெண்களும் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பெண்களுக்கென்றே தனிப் போட்டித் தொடர் ஆடக் கிளம்பினார்கள். அமெரிக்க ஓபன் 1973லேயே ஆண், பெண் இருவருக்கும் பரிசுப் பணத்தைச் சமமாகக் கொடுத்தது, விம்பிள்டனுக்கு அந்தப் புத்தி வர 2007 ஆனது. இன்று நூறாவது இடத்தில் இருப்பவளும் கோச், பிசியோ வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள், இகாவோடு சைக்காலஜிஸ்டே ஊர் ஊராகப் போகிறார். நம் பக்கத்தில் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998ல் ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்று ஜெயித்தபோது, ஓபன் காலத்தில் ஸ்லாம் மெயின் டிராவில் (தகுதிச் சுற்று தாண்டிய முதன்மைப் போட்டி) ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அதற்கு அப்படிக் குதித்தோம். அவருக்கு என்ன டீம் இருந்திருக்கும்?

என் முடிவைக் கேட்டால்: கிராஃப், நவரத்திலோவா, செரீனா மேலே. இகா இப்போதைக்கு ஹெனின், செலஸ் இருக்கும் வரிசையில். அது இரண்டாவது வரிசை, ஆனால் அதில் இடம் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.


லாஸ்பேட்டை லெஃப்டி:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக டீச்சருக்கு. 11-11 கணக்கைச் சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் "அதுக்கு ஸ்டெஃபி என்ன பண்ணுவா" என்று எழுந்து போய்விட்டார். பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது வரிசை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன், டீச்சர் மன்னிக்கணும். ஹெனின் கடைசி வரை விம்பிள்டன் ஜெயிக்கவில்லை, செலஸும் இல்லை. இகா ஜெயித்தாயிற்று. தரை மாறினாலும் ஆள் மாறக் கூடாது என்று செம்மண் அண்ணன் சொன்ன அளவுகோலையே எடுத்துக்கொண்டால், களிமண், சிமெண்ட், புல் மூன்றிலும் ஸ்லாம் வைத்திருப்பவரை அவர்களுக்கு ஒரு படி மேலேதானே வைக்க வேண்டும்?

அப்புறம் சபலென்காவை யாரும் பேசவில்லையே? ஆஸ்திரேலியா 2023, 2024, அமெரிக்கா 2024, 2025. நான்கு ஸ்லாம் சும்மாவா?


மஞ்சக்குப்பம் செம்மண்:

சும்மா இல்லை. 2022ல் ஒரே ஆட்டத்தில் பத்து, பதினைந்து டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறுவது) போட்டுக் கண்ணீர் விட்டவர், சர்வீஸை அக்கு அக்காகப் பிரித்துத் திரும்பக் கட்டி அடுத்த ஜனவரியே ஸ்லாம் ஜெயித்தார். அந்த நெஞ்சுரத்துக்கு நான் எழுந்து நிற்பேன். ஆனால் நாலும் சிமெண்ட். 2025 பாரிஸ் ஃபைனலில் காற்று அடித்ததும் கோகோ காஃபிடம் என்ன ஆனது என்று பார்த்தோமே. மண்ணிலோ புல்லிலோ ஒன்று ஜெயிக்கட்டும், பேசலாம். விம்பிள்டன் பாயிண்ட் சரிதான், அந்த ஒரு விஷயத்தில் ஹெனினைவிட இகாவுக்கு அரைப் படி கொடுக்கிறேன், முழுசாகக் கேட்காதீர்கள்.


லாஸ்பேட்டை லெஃப்டி:

அரைப் படியே போதும் அண்ணே. ஸ்ட்ரிங்கர் அண்ணா, ஒரு சந்தேகம், தலைப்புக்குச் சம்பந்தமில்லை. நானும் இகா மாதிரி வெஸ்டர்ன் பிடித்து முழு பாலியஸ்டர் போட்டு ஆடுகிறேன், இப்போது முழங்கை வெளிப்பக்கம் வலிக்கிறது. எத்தனை பவுண்டில் போடலாம்?


நெல்லித்தோப்பு ஸ்ட்ரிங்கர்:

முதலில் இரண்டு வாரம் ராக்கெட்டைத் தொடாதீர்கள், வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் அந்தப் பாலியஸ்டரை அறுத்துப் போடுங்கள். அது அறுவதற்கு முன்னாலேயே செத்துவிடும், நகர்ந்து திரும்பும் அந்தத் துள்ளல் போய்க் கட்டையாகிவிடும், அதற்கு மேல் அடி எல்லாம் கைக்குத்தான் போகும். இகாவுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் புது நரம்பு, உங்களுடையது போன தீபாவளிக்குப் போட்டது என்று நினைக்கிறேன். நெட்டு நரம்பு பாலியஸ்டர், குறுக்கே மல்டிஃபிலமெண்ட் (மெல்லிய இழைகள் பல சேர்த்த மென்மையான நரம்பு), 48 பவுண்டு. அதுவும் வலித்தால் முழுக்க மல்டி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடை திறந்திருக்கும்.